மீன் சுத்தமாக இல்லாத குளம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. சிங்கம் இல்லாமல் காட்டுக் கதை சொல்லிப் பார்த்தேன், யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. அதனால் அது இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சிங்கம் வேட்டையை விட்டு வெகுகாலம் ஆயிற்று. பங்களா கட்டி, முன்னால் தோட்டம் போட்டு, தோட்டத்தில் ஒரு மீன்குளமும் வெட்டியிருந்தது. மாலையில் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன்களுக்குப் பொரி போடும். ஆட்சி என்று அது செய்துவந்தது அவ்வளவுதான்.

குளத்தில் நாற்பத்தொரு மீன்கள். அவற்றில் மூத்தது சேல்விழி என்ற கெண்டை. சேல் என்றாலே கெண்டைதான். ஒரு கெண்டைக்குக் கெண்டைக்கண்ணி என்று பெயர் வைத்த பெற்றோர் ரொம்ப யோசித்திருக்க மாட்டார்கள்.

குளத்தின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் நின்றது. அதுதான் ஃபில்டர். ஒரு சின்ன மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து டிரம்முக்குள் விடும். உள்ளே இரண்டு ஸ்பாஞ்சுகள், அடியில் கூழாங்கற்கள். தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, ஒரு குழாயில் மறுபடி குளத்துக்கே வந்து விழும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை அஞ்சலை என்ற நண்டுக்கு.

அஞ்சலைக்கு ஒரு முறை இருந்தது. குழாயில் விழும் தண்ணீர் மெலிந்தால் மட்டுமே டிரம்மைத் திறக்கும். அதுவும் ஒரு ஸ்பாஞ்சைத்தான் எடுக்கும். குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து, பழுப்பு நிறம் போகாமலே திரும்ப வைத்துவிடும். இன்னொரு ஸ்பாஞ்சுக்கு அடுத்த தடவைதான் முறை. கூழாங்கற்களைத் தொடவே தொடாது. ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் மீன்கள் நன்றாக இருந்தன. நன்றாக இருக்கிற எதையும் யாரும் விசாரிப்பதில்லை.

அந்தச் சமயத்தில் சிங்கம் பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்வந்தது. அங்கே ஒரு குளத்தில் அடித்தரை வரைக்கும் தெரிந்ததாம். திரும்பி வந்ததும் சுத்தத் துறை என்று ஒரு துறையைத் தொடங்கி, அதற்குத் தாண்டவராயன் என்ற நரியை ஆய்வாளராகப் போட்டது. நரி எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருக்கும். எதைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு தேய்ப்பு. கைக்குட்டையில் கறை பட்டால் மெமோ. தன் மூக்கை மட்டும் அது அந்தக் கைக்குட்டையால் துடைத்ததில்லை.

முதல் ஆய்வு குளத்தில்தான். நரி டிரம்மைத் திறந்து ஸ்பாஞ்சில் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. கைக்குட்டை பழுப்பாகிவிட்டது.

"இது என்னம்மா?" என்றது நரி.

"ஸ்பாஞ்சு சார்."

"ஸ்பாஞ்சுன்னு எனக்கும் தெரியும். மேல இந்தக் கொழகொழன்னு இருக்கிறது?"

"அதெல்லாம் பொடிசுங்க சார். கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. மீனு கழிக்கிறது தண்ணியில விஷமா மாறும். இதுங்கதான் அதைத் தின்னு தீக்குது. இதுங்க இல்லேன்னா மீனு இல்ல சார்."

"எத்தனை பேர்?"

"எண்ண முடியாது சார். கோடிக்கணக்குல இருக்கும்."

நரி நோட்டைப் பிரித்தது. "குடியிருப்போர் பதிவேட்டுல பேர் இருக்கா?"

"கண்ணுக்கே தெரியாதுங்களே சார்."

"ஆக, மகாராஜாவோட டிரம்முக்குள்ள கோடிக்கணக்கான பேர் அனுமதி இல்லாம குடியிருக்காங்க. நீ வருஷக்கணக்கா அவங்களுக்குக் காவல் இருந்திருக்க."

அஞ்சலை சொன்னதெல்லாம் உண்மைதான். உண்மையை நரியின் வாயிலிருந்து கேட்கும்போது குற்றம் மாதிரி இருந்தது.

மறுநாள் டிரம்மின்மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஆக்கிரமித்துக் குடியிருப்போர் ஏழு நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் அலுவலக நேரத்தில் நேரில் வந்து தெரிவிக்கலாம் என்று அதில் இருந்தது. நரி ஏழு நாளும் மேஜைமுன் உட்கார்ந்து காத்திருந்தது. யாரும் வரவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எட்டாம் நாள் எழுதிக் கையெழுத்துப் போட்டது. சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கே இரண்டு ஸ்பாஞ்சுகளும் கூழாங்கற்களும் வெளியே வந்தன. குழாய்த் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவினார்கள்.

"ஒரு ஸ்பாஞ்சையாச்சும் அப்படியே விட்டு வைங்க சார்," என்று அஞ்சலை கெஞ்சியது.

"பாதி சுத்தம்னு ஒண்ணு கிடையாதும்மா."

ஸ்பாஞ்சுகளைப் பங்களா மதில்மேல் காயப்போட்டார்கள். வெயிலில் அவை இட்லி மாதிரி வெளுத்துக் கிடந்தன. நரி கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தது, கைக்குட்டைதான் அழுக்காகத் தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன. டிரம்மின் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின.

"அக்கா, செவுள் எரியுது," என்றது சேல்விழி. "மொளகாத்தூள் போட்டாப்பல எரியுது. குட்டிங்களால முடியல."

நாற்பத்தொன்றும் அஞ்சலையின் கண்முன்னால் வளர்ந்தவை. வாளி வாளியாகப் பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டி, முந்தின நாளே பிடித்து மருந்து வாடை போக வைத்திருந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தது. ஒரு நண்டு எத்தனை வாளி தூக்கும்?

மாலையில் சிங்கம் பொரியோடு வந்தது. மீன்கள் எல்லாம் தலையைத் தூக்கி வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்து மனம் உருகிப்போயிற்று.

"இவை என்ன சொல்கின்றன?" என்று கேட்டது.

"வாழ்க என்கின்றன, மகாராஜா," என்றது கூட வந்த நரி. "தண்ணீருக்குள் இருப்பதால் சத்தம்தான் வரவில்லை."

சிங்கம் மீன்களைப் பார்த்துக் கை கூப்பியது. அந்நேரம் ஒரு குட்டி மீன் வாய் திறந்தபடியே மல்லாந்துவிட்டது. இவ்வளவு விசுவாசமா என்று சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அஞ்சலை அன்றே ஒரு மனு எழுதியது. "குளத்தில் மீன்கள் செத்துக்கொண்டிருக்கின்றன" என்று ஒரே வரி. அது மறுநாளே திரும்பி வந்தது. "இறப்பு நமது துறையைச் சார்ந்ததல்ல. சுத்தம் என்ற சொல் இடம்பெறாத மனுக்களை இத்துறை பெற்றுக்கொள்வதற்கில்லை" என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அஞ்சலை யோசித்தது. அந்தச் சொல்லுக்கு அதனிடம் பஞ்சம் இல்லை. நாம் பேசுகிற மாதிரிதான் அதுவும் பேசும். சுத்தமாகப் பசிக்கவில்லை என்போம், சுத்தமாக மறந்துபோச்சு என்போம், கையில் சுத்தமாக ஒன்றுமில்லை என்போம். அங்கே துடைப்பத்துக்கும் தண்ணீருக்கும் வேலையே இல்லை. அடியோடு என்று பொருள், அவ்வளவுதான். அப்படியே எழுதிவிடலாம் என்று நினைத்தது. அது செய்த ஒரே தப்பு, சுத்தத் துறைக்குத் தமிழ் தெரியும் என்று நம்பியதுதான்.

இரண்டாவது மனு இப்படி இருந்தது: "குளத்துத் தண்ணீரில் காற்று சுத்தமாக இல்லை. மீன்கள் திணறுகின்றன. உடனே உதவவும்."

பதில் வந்தது. "காற்று சுத்தமாக இல்லை என்ற தங்கள் புகார் ஏற்றுக்கொள்ளப்பட்டது. காற்றைச் சுத்தம் செய்யும்பொருட்டு ஒரு பொட்டலம் சாம்பிராணி இத்துடன் அனுப்பப்படுகிறது. காலையும் மாலையும் குளத்தைச் சுற்றிப் புகை போடவும்."

நரியே வந்து நின்று புகை போடவைத்தது. குளத்தங்கரை கோயில் மாதிரி மணத்தது. அந்த வாரக் கடைசியில் முப்பது மீன்கள் இருந்தன.

மூன்றாவது மனு: "மீன்கள் நான்கு நாட்களாகச் சுத்தமாகச் சாப்பிடுவதில்லை."

பதில்: "சுத்தமாகச் சாப்பிடாத பழக்கம் நோய்களுக்கு வழிவகுக்கும். ஒவ்வொரு மீனும் சாப்பிடுமுன் கைகளைச் சோப்பு நீரால் இருபது விநாடி கழுவ வேண்டும். மீன்களுக்குக் கைகள் இல்லை என்று தாங்கள் குறிப்பிடக்கூடும் என்பதால், விதி தளர்த்தப்பட்டு, வாயைக் கழுவினால் போதும் என அனுமதிக்கப்படுகிறது."

கூடவே ஒரு சோப்பு நீர் புட்டி வந்தது. அஞ்சலை அதைக் கல்லுக்கு அடியில் மறைத்துவைத்தது. நரி தேடி எடுத்துத் தன் கையாலேயே குளத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டுப் போயிற்று. அன்று மாலை நுரையைப் பார்த்து, குளத்துக்கு மேகம் இறங்கியிருக்கிறது என்று சிங்கம் சொன்னதாம். பதினேழு மீன்கள் மிஞ்சின.

"அக்கா, நீ எழுத எழுத ஏதாவது வந்துகிட்டே இருக்கு," என்றது சேல்விழி. "எழுதாம இரேன்."

"எழுதாம எப்படிடி இருக்கறது? நீங்க சாவறதைப் பாத்துக்கிட்டு?"

நான்காவது மனுவை எழுதும்போது அஞ்சலைக்குக் கோபம், பயம், அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. "இப்படியே போனால் குளத்தில் மீன்கள் சுத்தமாக இல்லை என்ற நிலை வந்துவிடும்" என்று எழுதி அனுப்பியது.

இந்தத் தடவை பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. விஷயம் பெரியது என்று துறை கூட்டம் போட்டுப் பேசியதாம். "மீன்கள் சுத்தமாக இல்லை என்பது மிகுந்த கவலைக்குரியது. குளம் சுத்தமாகிவிட்ட நிலையில் மீன்களால் அதற்குக் களங்கம் வர அனுமதிக்க முடியாது. வரும் ஞாயிறன்று தூய்மைக் குளம் விருது விழா நடைபெறும். மறுநாள் திங்கள் காலை, ஆய்வாளர் முன்னிலையில், மீதமுள்ள மீன்கள் அனைத்தும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவப்படும்."

கடிதம் வந்த அன்று குளத்தில் எட்டு மீன்கள்தான் இருந்தன. இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரும் வந்து டிரம்மின் பக்கத்தில் இறங்கின.

அஞ்சலை அதற்குப் பிறகு மனு எழுதவில்லை.

தோட்டத்துக்குப் பின்னால், செம்பருத்தி வேலியைத் தாண்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர். ஸ்பாஞ்சு பிழிந்த தண்ணீரை அஞ்சலை வருஷக்கணக்காக அதில்தான் கொட்டிவந்தது. அதனால் அங்கே கல்லெல்லாம் பழுப்பு, கரையெல்லாம் கோரை, தண்ணீரில் கை வைத்தால் வழவழவென்று இருக்கும். நிறத்தைப் பார்த்துப் பதிவேட்டில் அதைச் சாக்கடை என்று எழுதிவைத்திருந்தார்கள். நரி அந்தப் பக்கம் ஒருநாள் வந்து, எட்டிப் பார்த்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டது. அனுமதி இல்லாமல் குடியிருந்த பொடிசுகளில் மிச்சம் இருந்தவை அந்தக் கற்களில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விழா தொடங்கியது. குளத்துக்கு விருது என்றாலும் மேடையைக் குளத்துக்கு முதுகு காட்டி, பின்னால் பெரிய திரை கட்டிப் போட்டிருந்தார்கள், வெளிச்சம் அப்படித்தான் சிங்கத்தின் முகத்தில் நன்றாக விழும் என்று. அஞ்சலை பங்களாக் குளியலறையிலிருந்து ஒரு சிவப்பு மக்கை எடுத்துவந்தது. மக்கில் ஒரு மீனுக்குத்தான் இடம். நிரம்பிய மக்கை இழுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வாய்க்காலுக்குப் போய்வர நெடுநேரம் பிடிக்கும். விழா சீக்கிரம் முடிந்தால் எல்லோரும் குளத்தைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

ஆனால் நம் ஊர் விழாக்கள் சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை. முதலில் வரவேற்புரை. ஒரு மான் மேடையில் இருந்த எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்று, கீழே இருந்தவர்களையும் வரவேற்று, வராதவர்களையும் வரவேற்றது. அதற்குள் முதல் மீன் வாய்க்காலில். தலைமையுரையில் இரண்டாவது. யானை முன்னிலையுரை ஆற்றியது, நேரமின்மையால் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று தொடங்கியது. மூன்றாவது மீனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அஞ்சலை சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளக்கூட முடிந்தது. வாழ்த்துரையில் நான்கு, சிறப்புரையில் ஐந்து. சிங்கத்தின் ஏற்புரையில் ஆறு. இவ்வளவு பிரயோசனமான பேச்சுகளை அந்தக் காடு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கடைசியில் நரியின் நன்றியுரை. அதுவும் நீளம்தான். ஒலிபெருக்கிக்காரருக்கும் நாற்காலிக்காரருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது ஏழாவது மீனும் போய்ச் சேர்ந்தது. அஞ்சலை திரும்பி வருவதற்குள் "அனைவரும் காட்டு வாழ்த்துக்கு எழுந்து நிற்கவும்" என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.

குளத்தில் சேல்விழி மட்டும் இருந்தது. கடைசியாக வருகிறேன் என்று அதுதான் பிடிவாதம் பிடித்திருந்தது. இப்போது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது.

"நேரம் இல்லக்கா. நீ போயிரு," என்றது.

"வாயை மூடிக்கிட்டு மக்குல ஏறு."

வேலியைச் சுற்றிப் போனால் பாட்டு முடிந்துவிடும். நேர்வழி மேடைக்கு முன்னால், நாற்காலிகளுக்கு நடுவில் போனது. அஞ்சலை அதில் இறங்கியது. எல்லா மிருகங்களும் விறைத்து நின்றன. வாழ்த்துப் பாடும்போது அசையக் கூடாது, அசைந்தால் குற்றம். விதியை எழுதியது நரிதான். சிவப்பு மக்கு, மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் நின்ற நரியின் காலருகில் உரசிக்கொண்டு போயிற்று. மக்குக்கு வெளியே ஒரு வால் தெரிந்தது, வால் ஒருமுறை துடித்து நரியின் பாதத்தில் தண்ணீர் தெளித்தது. நரியின் கண்கள் மட்டும் மக்கோடு வேலிவரை போய்த் திரும்பி வந்தன. பாட்டு முடிகிற நேரம் சேல்விழி வாய்க்காலில் விழுந்தது.

அஞ்சலை காலி மக்கோடு வந்தபோது நரி காத்துக்கொண்டிருந்தது.

"மக்குல என்னம்மா கொண்டுபோன?"

"மிச்சமிருந்த அழுக்கு சார்."

நரி மனதுக்குள் கணக்குப் போட்டது. மீன் இருந்தால் திங்கட்கிழமை கழுவ வேண்டும். கழுவினால் சாகும். செத்தால் யாராவது மேலே எழுத வேண்டும்.

"எல்லாம் போயிருச்சா?"

"சுத்தமா போயிருச்சு சார்."

நரிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டது.

சிங்கம் விருதோடு குளத்தங்கரைக்கு வந்தது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடித்தரையில் ஒரு கல், இன்னொரு கல், தனித்தனியாக எண்ணலாம்.

"மீன்கள் எங்கே?" என்றது சிங்கம்.

"மீன்கள் சுத்தமாக இல்லை, மகாராஜா," என்றது நரி.

"அப்படியா. நல்லவேளை, இங்கே விட்டுவைக்கவில்லை," என்று சொல்லிவிட்டு சிங்கம் வழக்கம்போல ஒரு பிடி பொரியைக் குளத்தில் போட்டது. பொரி மிதந்துகொண்டே இருந்தது.

துறையிலிருந்து அஞ்சலைக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும், ஓயாமல் புகார் எழுதியதற்காக ஒரு தண்டனை மாற்றலும் ஒரே உறையில் வந்தன. மாற்றல், சாக்கடைப் பிரிவுக்கு.

எட்டு மீன்களில் ஒன்று பிழைக்கவில்லை. மற்ற ஏழும் பதினைந்து நாளில் தேறின. சேல்விழியின் செவுள் ஓரத்தில் வெந்த தழும்பு மட்டும் இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் அஞ்சலைக்கு ஒரு படிவம் வந்தது. சாக்கடையின் நிலை என்று தலைப்பு. கீழே இரண்டு கட்டங்கள்: சுத்தம், சுத்தமாக இல்லை. மூன்றாவது கட்டம் கிடையாது.

சேல்விழி தண்ணீரிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. "என்னக்கா எழுதப் போற?"

"உண்மையை எழுதினா மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்கடி."

அஞ்சலை சுத்தம் என்ற கட்டத்தில் கொடுக்கால் ஒரு கோடு போட்டது.

"இது பொய்யில்லையாக்கா?"

"பொய்தான். நீ மூச்சு விடு."

படிவம் போய்ச் சேர்ந்தது. யாரும் வரவில்லை. அடுத்த மாதமும் ஒரு கோடு, அடுத்த மாதமும் யாரும் வரவில்லை. இப்போது அந்த வாய்க்காலில் நூற்றுச் சொச்சம் மீன்கள். பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை.

நீதி: சுத்தமாக இல்லை என்று உண்மையை எழுதுகிறவர் வீட்டுக்குச் சுத்தம் மூட்டையோடு வரும். உயிர்மேல் ஆசையுள்ளவர்கள் முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, அழுக்கோடு சௌக்கியமாக இருக்கவும்.